கோல்ஃபேஸ் ஹோட்டலும் யாழ்ப்பாணத்து மடங்களும்: குடியேற்றக்கால விடுதிகள் குறித்து வடக்கிலிருந்து ஒரு நோக்கு

1. கேள்வி

கொழும்பு காலிமுகத்திடலின் தெற்கு அந்தத்தில் கடலைப் பார்த்து நிற்கும் கோல்ஃபேஸ் ஹோட்டல் 1864 இல் தொடங்கப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் இலங்கையில் அத்தகைய பெருவிடுதிகள் ஒரு வரிசையாக எழுந்துவிட்டன. கொழும்புத் துறைமுக வாசலில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் 1875 இல் திறந்தது. தேசாதிபதிகளின் கடற்கரை மாளிகையாக இருந்த கல்கிசைக் கட்டடம் 1877 இல் ஹோட்டலானது. காலிக் கோட்டைக்குள் ஒல்லாந்தத் தளபதிகளின் தலைமையகம் நியூ ஓரியண்டல் ஹோட்டலாக மாறியது. கண்டியில் குளக்கரையோடு குயின்ஸ் ஹோட்டலும், நுவரெலியாவில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸின் மலைவாச இல்லத்திலிருந்து கிராண்ட் ஹோட்டலும் உருவாகின. இந்தப் பட்டியலில் யாழ்ப்பாணம் இல்லை. ஆங்கிலக் கல்வியில் கொழும்போடு போட்டியிட்ட, மலாயா வரை எழுதுவினைஞர்களை அனுப்பிய, புகையிலைக் காசு புழங்கிய ஒரு குடாநாட்டில் ஏன் அப்படியொரு விடுதி எழவில்லை?

இக்கேள்விக்கு இரண்டு பதில்கள் வழக்கத்தில் உள்ளன. யாழ்ப்பாணத்தான் சிக்கனக்காரன், சைவ ஆசாரக்காரன், காசு கொடுத்து அந்நிய வீட்டில் படுக்க மாட்டான் என்பது ஒன்று. அரசாங்கம் வடக்கைக் கைவிட்டது என்பது மற்றது. முதலாவது பதில் நகைச்சுவைக்கு உதவும். இரண்டாவதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பெருவிடுதி ஓரிடத்தில் ஏன் எழுகிறது என்பதை இரண்டுமே விளக்குவதில்லை. அதற்கு முதலில் கோல்ஃபேஸ் ஹோட்டலின் வரலாற்றையே பார்க்க வேண்டும். அவ்வரலாறு பெரும்பாலும் விருந்தினர் பட்டியலாகவும் மாலைநேரப் பெருமூச்சாகவுமே எழுதப்பட்டிருப்பதால், அதன் பொருளியலையும் அதில் உழைத்தவர்களையும் வேறு சான்றுகளிலிருந்து திரட்ட வேண்டியிருக்கிறது.

2. திடலும் கட்டடமும்

ஹோட்டலைவிடத் திடல் பழையது. ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையின் தென்புறத்தை வெளியாக்கியது உலாவுவதற்காக அல்ல. கோட்டையை நெருங்கும் எதிரியைப் பீரங்கிகள் தடையின்றிச் சுடவேண்டும் என்பதற்காக. பிரித்தானியர் காலத்தில் அவ்வெளியில் குதிரைப்பந்தயம் ஓடியது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 இல் கடலோர நடைபாதைக்கு வேலை தொடங்கி 1859 இல் முடித்தார். கொழும்பின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நலனுக்காகத் தமக்குப் பின்வரும் தேசாதிபதிகள் இதைப் பேண வேண்டும் என்று ஒரு கல்வெட்டும் வைத்தார். எந்தச் சீமாட்டிகள், எவர் வீட்டுச் சிறுவர்கள் என்று அக்கல்வெட்டில் எழுத வேண்டிய தேவை அன்று யாருக்கும் இருக்கவில்லை.

நடைபாதை முடிந்து ஐந்தாண்டுகளில் ஹோட்டல் வந்தது. நான்கு பிரித்தானிய முதலீட்டாளர்கள் திடலின் முனையில் இருந்த கோல்ஃபேஸ் ஹவுஸ் என்ற ஒல்லாந்தர் கால வளமனையை விடுதியாக்கினர். தொடக்கத்தில் அது ஒரு பெரிய வீடு, அவ்வளவுதான். 1870 இல் கொழும்பு ஹோட்டல்ஸ் கம்பனி அதை வாங்கியது. தனியார் சிலரின் முயற்சி பங்குதாரர் கம்பனியின் கைக்குப் போனது ஒரு முக்கியமான மாற்றம். அதன் பிறகே நிலம் சேர்க்கவும் மாடி எழுப்பவும் தேவையான மூலதனம் கிடைத்தது. 1894 இல் தொடங்கிய பெரும் புதுக்கட்டு வேலையே இன்று காணப்படும் நீண்ட முகப்புக்கும் அகன்ற மரப்படிக்கட்டுக்கும் அடிப்படை. கடற்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தளம், அலை தெறிக்கும் தூரத்தில் மேசைகள், பொழுதுபடும் வேளையில் ஸ்கொட்லாந்துத் துருத்திக்குழல் ஊதக் கொடி இறக்கும் சடங்கு என்று இன்றைய பயணி படமெடுக்கும் எல்லாவற்றையும் அந்தக் கட்டடத்தின் அமைப்பே சாத்தியமாக்கியது.

கொழும்புக் கோட்டையின் மதில்கள் 1869 முதல் இடிக்கப்பட்டதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கோட்டை காவல் நிலையமாக இருந்தவரை திடல் ஊருக்கு வெளியே கிடந்தது. மதில் போனதும் வங்கிகள், கப்பல் ஏஜென்சிகள், கடைகள் எல்லாம் தெற்கே கண் வைத்தன. ஓரமாக நின்ற ஹோட்டல் சில ஆண்டுகளிலேயே ஊரின் முகப்பாகிவிட்டது.

3. கோப்பிக் காசும் கப்பல் பயணியும்

இந்த முதலீடு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வியின் மையம். 1840களிலிருந்து கண்டி மலைகளில் கோப்பி பரவியது. தோட்டத்துரைமார் கொழும்புக்கு இறங்குவது கணக்குத் தீர்க்க, கடன் வாங்க, கப்பலில் வரும் மணப்பெண்ணை எதிர்கொள்ள, அல்லது காய்ச்சலோடு ஊர் திரும்ப. 1867 இல் கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை முடிந்ததும் பல நாட் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. ஹோட்டலின் முதற் பத்தாண்டு வாடிக்கை இந்தக் கோப்பி உலகத்தைச் சார்ந்தது.

அந்த உலகம் நீடிக்கவில்லை. 1869 இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்கள் பட்டுப்போயின. 1884 இல் ஓரியண்டல் பாங்க் விழுந்தபோது கொழும்பின் வணிக உலகமே ஆடிப்போனது. கோப்பியை மட்டும் நம்பிய விடுதியாக இருந்திருந்தால் அதுவும் கூடவே போயிருக்கும். காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலை. மற்றது, கப்பல்.

1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. அப்போது தபாற் கப்பல்கள் தரித்தது கொழும்பில் அல்ல, காலியில். காலித் துறைமுகம் குறுகியது, பாறைகள் நிறைந்தது. கொழும்புக்கோ திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்றில் நங்கூரமிட இயலாது. இக்குறையை ஓர் அலைதடுப்பணையால் தீர்க்க முடிவாகி, 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் வைத்தார். 1880களின் நடுப்பகுதியில் அணை முடிந்தபோது ஐரோப்பா, அவுஸ்திரேலியா, சீனக் கடல் வழிகள் சந்திக்கும் நிலக்கரித் துறையாகக் கொழும்பு மாறியது; காலி தூங்கிப்போனது. கப்பல் நிலக்கரி ஏற்றும் நேரத்தில் பயணிகள் கரைக்கு வருவார்கள். கரித்தூசிக்குத் தப்பவாவது வந்தாக வேண்டும். ரிக்‌ஷாவில் கறுவாத்தோட்டம் சுற்றி, கல்கிசைக்குப் போய், மாலையில் திடலில் காற்று வாங்கி, இரவு கப்பலேறும் அந்த ஒருநாள் பயணியே கொழும்பின் பெருவிடுதிகளுக்குச் சோறு போட்டார். துறைமுக வாசலில் நின்ற கிராண்ட் ஓரியண்டல் இறங்கியவுடன் பிடித்துக்கொண்டது. திடலின் மறுமுனையில் நின்ற கோல்ஃபேஸ் கடற்காற்றைக் காட்டி இழுத்தது.

இந்த ஓட்டத்தில்தான் பேர்பெற்ற பெயர்கள் வருகின்றன. சகலின் தீவின் சிறைக்குடியேற்றங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்ரன் செக்கோவ் 1890 நவம்பரில் இறங்கி, கண்டிவரை போய், போகும்போது கீரிப்பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டு போனார். கிராண்ட் ஓரியண்டலில் அவர் பேரில் ஓர் அறை உண்டு. 1896 ஜனவரியில் வந்த மார்க் ட்வெயின் தங்கியது பிரிஸ்டல் ஹோட்டலில். அவருடைய பயணநூலில் ஹோட்டலைப் பற்றி அதிகம் இல்லை. கூந்தலில் ஆமையோட்டுச் சீப்புச் செருகிய பணியாளின் மென்மையையே ரசித்து எழுதுகிறார். பெருவிடுதி விற்ற பொருட்களில் ஒன்று அந்தப் பார்வை.

4. ‘சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழையது’ என்ற கூற்று

கோல்ஃபேஸ் ஹோட்டலைப் பற்றி எழுதுவோர் பலரும் அதைச் சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஹோட்டல் என்று குறிப்பிடுவர். கூற்றை நேராக எடுத்துக்கொண்டால் நிற்காது. கல்கத்தாவில் பின்னர் கிரேட் ஈஸ்டர்ன் என்று பேர்பெற்ற ஹோட்டல் 1840களின் தொடக்கத்திலேயே இயங்கியது. சென்னையில் இன்று கன்னிமாரா நிற்கும் இடத்தில் இம்பீரியல் என்ற விடுதி 1854 இல் தொடங்கி, 1886 இல் அல்பனி என்றும் பின்னர் கன்னிமாரா என்றும் பெயர் மாறியது. கோல்ஃபேஸ் இவற்றுக்கெல்லாம் இளையது.

ஆனால் பிற்காலத்தில் உலகப் பேர்பெற்ற கடலோரப் பெருவிடுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு மாறும். பினாங்கின் ஈஸ்டர்ன் அன்ட் ஓரியண்டல் 1885, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் 1887, ரங்கூன் ஸ்ட்ராண்ட் 1901, பம்பாய் தாஜ் 1903. இவ்வரிசைக்கு கோல்ஃபேஸ் மூத்தது என்பது உண்மை. எனவே பழைமை பற்றிய பெருமிதம் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. அளவுக்கு மேல் நீட்டப்பட்டது என்றால் போதும். இன்னொன்றும் உண்டு: ஹோட்டல் தொடங்கியபோது சூயஸில் கால்வாய் இல்லை. தோட்டக்காரனுக்காகத் திறந்த விடுதியின் தோற்றக் கதையைப் பின்னாளில் கப்பல் பயணியின் வழியோடு இணைத்துவிட்டார்கள். விளம்பரத்துக்கு அது பொருந்தும். ஆய்வாளருக்கு 1864 க்கும் 1894 க்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்தை அது மறைத்துவிடுகிறது.

5. உள்ளே யார், வெளியே யார்

காசுள்ளவன் எவனும் நுழையலாம் என்பதே ஹோட்டலின் பொது விதி. கழகங்கள் அப்படியல்ல. அதே திடலோரம் 1871 இல் தொடங்கிய கொழும்புக் கிளப்பில் ஐரோப்பியருக்கு மட்டுமே உறுப்புரிமை இருந்தது. கழகத்தில் விதி செய்ததை ஹோட்டலில் விலையும் உடையும் முகக்குறிப்பும் செய்தன. ஆயினும் விடுதிக் கதவு கழகக் கதவைவிட இளகியது. சுதேச வசதிக்காரர்கள் விருந்தும் திருமண வரவேற்பும் வைக்கும் இடமாக இருபதாம் நூற்றாண்டில் அது மாறியதற்குக் காரணம் இந்த இளக்கம்தான்.

விடுதி ஓட உழைத்தவர்கள் பட்டியலில் வருவதில்லை. கோப்பிக் காசைச் சம்பாதித்துக் கொடுத்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து போன தென்னிந்தியத் தமிழர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். துறைமுகத்தில் கரி சுமந்தவர்களிலும் தெருவில் ரிக்‌ஷா இழுத்தவர்களிலும் பெரும்பகுதியினர் தென்னிந்தியர். ஹோட்டலுக்குள்ளேயும் கேரளத்தவர் பலர் இருந்தனர். ஹோட்டலின் வாசற்காவலராக உலகறிந்த கொட்டாரப்பட்டு சாத்து குட்டன் 1938 இல் இளைஞராகக் கொழும்புக்கு வந்து, 1942 இல் கோல்ஃபேஸில் வேலைக்குச் சேர்ந்தவர். 2014 நவம்பரில், 94 வயதில் இறக்கும்வரை அந்த வேலையிலேயே இருந்தார். வெள்ளைச் சீருடை, வெள்ளை மீசை, கைகூப்பு: எத்தனையோ பயணிகளின் படத்தொகுப்பில் அவர் இருக்கிறார்.

அவர் வந்திறங்கிய காலத்தைக் கவனிக்க வேண்டும். 1930களில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்கட்சி மலையாளிகளுக்கு எதிரான பிரசாரத்தை மும்முரமாக நடத்தியது. இந்தியர் எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற கூச்சல் கொழும்புத் தெருக்களில் ஓங்கியிருந்தது. ஹோட்டல் வெளியிடும் நினைவுகளில் குட்டன் ஒரு விசுவாசமான ஊழியராக மட்டும் வருகிறார். அந்த வேலைக்கு வெளியே அவர்போன்றோருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் எழுபதாண்டுச் சேவையின் பொருள் விளங்கும்.

யாழ்ப்பாணத்தவர் நிலை வேறு. உத்தியோகம் பார்க்கக் கொழும்புக்குப் போனவர் சம்மரியில் நாலைந்து பேரோடு அறை எடுத்தார், அல்லது ஊரவர் நடத்திய போர்டிங்கில் தங்கிச் சைவக் கடையில் சாப்பிட்டார். மாதமுடிவில் ஊருக்குக் காசு அனுப்ப வேண்டியவர்களுக்கு கோல்ஃபேஸ் என்பது பின்னேரத்தில் காற்று வாங்கும்போது எட்ட நின்று பார்க்கும் கட்டடம். விதிவிலக்காக மேலே போனவர்களும் உண்டு. 1928 இல் சிலோன் தியேட்டர்ஸைத் தொடங்கி, செனற்றராகவும் சேர் பட்டம் பெற்றவராகவும் உயர்ந்த தமிழர் சிற்றம்பலம் ஆபிரகாம் கார்டினரின் பெயரைக் கொழும்பில் இன்றும் ஒரு வீதி தாங்குகிறது. கார்டினர் என்ற அதே பெயரைத் தாங்கிய சிரில் கார்டினர் பிற்காலத்தில் கோல்ஃபேஸ் ஹோட்டலின் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் அவர் மகன் சஞ்சீவ் கார்டினர் பொறுப்பேற்றார்.

6. யாழ்ப்பாணத்தில் இருந்தவை

மேலே கண்ட காரணங்களை ஒவ்வொன்றாக யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்க்கலாம். கடனீரேரி ஆழமற்றது, நீராவிக் கப்பல்கள் கரையை அணுக முடியாது. ஊர்காவற்றுறையும் பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் வள்ளங்களுக்கும் பாய்க்கப்பல்களுக்கும் உரிய துறைகள். வல்வெட்டித்துறையில் 1930 இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைப் போய்ச்சேரும் அளவுக்கு இங்கே கடலறிவு இருந்தது. ஆனால் சாய்வுநாற்காலி தேடும் பயணியை அக்கப்பல்கள் கொண்டுவரவில்லை. உரும்பிராய், கோப்பாய் போன்ற செம்மண் ஊர்களில் துலா மிதித்து இறைத்து விளைவித்த புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. பயிரிட்டவன் சிறு தோட்டக்காரன். வெள்ளைத் துரை இல்லை, துரைமார் கூடும் கிளப்பும் இல்லை. 1816 முதல் தங்கியிருந்த அமெரிக்க மிஷனரிமாருக்கு வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் என்று சொந்த மிஷன் வீடுகள் இருந்தன.

புகையிரதமும் பிந்தியே வந்தது. கண்டிக்கு 1867, யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பிலிருந்து முழுப்பாதை 1905 இல். இந்த முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளியை லியோனார்ட் வூல்ஃபின் தன்வரலாறு நேரில் காட்டுகிறது. 1904 டிசம்பரில் கொழும்பில் இறங்கிய இளம் சிவில் உத்தியோகத்தர் வூல்ஃப் தங்கியது கிராண்ட் ஓரியண்டலில். அடுத்த மாதம் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு நியமனம். அநுராதபுரம் வரை புகையிரதம். அதன்பின் காட்டுவழியே மாட்டுத் தபால்வண்டி. ஒரு நாயையும் வோல்ற்றேயரின் எழுத்துகள் தொண்ணூறு தொகுதிகளையும் கூட்டிக்கொண்டு வந்த அவருக்கு இங்கே கிடைத்தது கோட்டை மதிலோரத்தில் ஒரு பங்களா. அரசாங்கத்தார் அரசாங்கத்தாரோடு தங்கினர். ஹோட்டலுக்கு வாடிக்கை எங்கே?

வழிப்போக்கரான உத்தியோகத்தருக்கும் வெள்ளையருக்கும் இருந்தது வாடிவீடு. ஒல்லாந்தர் காலத்திலேயே வேர்கொண்டு, பிரித்தானியர் பெருவீதிகள் நெடுகிலும் விரித்த முறை அது. சில அறைகள், ஓர் அகன்ற விறாந்தை, ஒரு பொறுப்பாளர், சுவரில் கட்டணப் பட்டியல், உத்தியோகத்தருக்கு முன்னுரிமை. யாழ்ப்பாணக் கோட்டைக்கு அயலிலும் காங்கேசன்துறைக் கடற்கரையிலும் வாடிவீடுகள் இருந்தன. 1981 ஜூன் முதல் நாளுக்கு முந்திய இரவு யாழ் நூலகம் எரிந்தபோது, ஊரில் இருந்த அமைச்சர்கள் வாடிவீட்டு விறாந்தையில் நின்று அதைப் பார்த்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. வடக்கின் விடுதி வரலாற்றில் வேறெந்த விறாந்தையும் இப்படி நினைவில் நிற்கவில்லை.

ஊரவருக்கு மடங்கள். நாளொன்றுக்கு நடக்கக்கூடிய தூரங்களில் மடம், கிணறு அல்லது கேணி, தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, மாடுகள் உடம்பு தேய்க்க ஆவுரஞ்சிக்கல் என்று ஒரு தொகுதியாக இவை அமைந்தன. பருத்தித்துறைத் தெருமூடிமடம் இவற்றுள் மிகச் சிறப்பானது. கல்தூண்கள் தாங்கிய கூரை வீதியையே மூடி நிற்கிறது. இரு பக்கமும் உயர்ந்த திண்ணை. நடுவே வண்டி போகும். தங்குமிடத்துக்காக வழியை விட்டு ஒதுங்கவே தேவையில்லை. கீரிமலையில் தீர்த்தமாடவும் அந்தியேட்டி செய்யவும் வந்தோருக்கு மடங்கள் நெருங்கி நின்றன. உரும்பிராய்க்கு அயலில் மருதனார்மடம், நகருக்கு அருகே ஆறுகால்மடம், ஓட்டுமடம் ஆகியவை இன்று சந்திகளாகவும் குறிச்சிகளாகவும் அறியப்படுகின்றன. வருமானம் தரும் வயலையோ தோட்டத்தையோ தருமமாக எழுதிவைத்து, அதிலிருந்து அன்னதானமும் பராமரிப்பும் நடத்துவதே வழமை.

யாழ்ப்பாணத்து மூலதனம் முடங்கிக் கிடக்கவில்லை; வேறு திசையில் போனது. கோல்ஃபேஸ் ஹோட்டல் தொடங்கிய அதே 1864 இல் ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சிதம்பரத்திலும் யாழ்ப்பாணத்தார் மடங்கள் எழுந்தன. 1913 இல் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி அமைத்தார். இலாபப் பங்கு தராத இந்த முதலீடுகள் தந்த மதிப்பை எந்த ஹோட்டலும் தந்திருக்காது. பெரியவர்களை வரவேற்பதிலும் இதே போக்கு இருந்தது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்தபோது இந்துக் கல்லூரியில் பந்தலிட்டு ஊரே திரண்டது. 1927 நவம்பரில் காந்தி வந்தது மாணவர் காங்கிரசின் அழைப்பில். விருந்தினரை ஏற்பது ஊரின் கடமை. அதை ஒரு கம்பனியிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணமே எழவில்லை.

இதை வைத்து மடத்தைச் சமத்துவச் சின்னமாகக் காட்டும் எழுத்துகளும் உண்டு. அது தவறு. கோல்ஃபேஸில் நிறமும் பணமும் தடுத்ததைப் போல மடத்திலும் கேணியிலும் சாதி தடுத்தது. காசு இருந்தாலும் அந்தத் தடை அகலாது என்பதால் ஒரு வகையில் அது கடுமையானது. காசு கொடுத்துத் தேநீர் குடிக்கும் கடைகள் வந்தபோதும் அதே வரம்பு கூடவே வந்தது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டில் இருந்தும், 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நடந்த தேநீர்க்கடைப் போராட்டங்களும், 1968 இல் மாவிட்டபுரக் கோயில் நுழைவுப் போராட்டமும் தேவைப்பட்டன. ஹோட்டல் இல்லாத ஊர் அதனாலேயே விருந்தோம்பும் ஊராகிவிடாது.

7. திடலில் தமிழர்: 1956

கோல்ஃபேஸ் ஹோட்டலின் வரலாற்றில் தமிழ் வாசகர் தேடும் நாள் 1956 ஜூன் 5. தனிச் சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்தில் வந்த அன்று, தமிழரசுக் கட்சியினர் சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையில் திடலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். திடலின் வடக்கு அந்தத்தில் 1930 இல் திறந்த நாடாளுமன்றக் கட்டடம், தெற்கு அந்தத்தில் ஹோட்டல். இடையே அமர்ந்தவர்களைக் கும்பல் அடித்தது. பொலிசார் பார்த்து நின்றனர். அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் போனார். அன்று கொழும்பில் தொடங்கிய வன்முறை கல்லோயா வரை பரவியது.

சீமாட்டிகளுக்காக விரிக்கப்பட்ட நடைபாதையில் நடந்த இந்நிகழ்ச்சி ஹோட்டல் வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. இளவரசர் பிலிப் 1940 இல் இலங்கையில் கடற்படைப் பயிலுநராக இருந்தபோது ஓட்டிய சிறு கார் அங்கே காட்சிக்கு இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் தம் 3001 நாவலின் இறுதிப் பகுதிகளை அங்கே எழுதியதும் சொல்லப்படுகிறது. இவை பொய்யல்ல. ஆனால் வாசலுக்கு எதிரே நடந்ததை விட்டுவிட்டு அறைக்குள் தங்கியவர்களை மட்டும் எண்ணும் முறை, நாட்டின் வரலாற்றை ஹோட்டலின் அலங்காரமாக்கிவிடுகிறது. அதே திடலில் 2022 இல் அரசுத்தலைவருக்கு எதிரான போராட்டக் கிராமம் எழுந்தது. அவ்வாண்டு மே 18 இல் அங்கேயே முள்ளிவாய்க்கால் நினைவுகூரப்பட்டுக் கஞ்சி வழங்கப்பட்டது. 1956 ஐ அறிந்தவர்களுக்கு இந்த இடத்தின் பொருத்தம் சொல்லாமலே விளங்கியது.

8. போருக்குப் பின்

சுதந்திரத்தின் பின் பெருவிடுதிகளின் கதி பலவாறானது. கிராண்ட் ஓரியண்டல் இலங்கை வங்கியின் உடைமையாகி, சிலகாலம் தப்ரபேன் என்ற பெயரில் நடந்து, மீண்டும் பழைய பெயரையே எடுத்துக்கொண்டது. காலியின் நியூ ஓரியண்டல் இன்று அமன்கல்ல. 1982 இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 4,07,230 பேர். மறு ஆண்டு யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் அத்தொகை சரிந்தது. இராணுவத் தலைமையகம் இருந்த காலிமுகத்திடல் நிலத்தில் 2017 இல் ஷங்ரி-லா திறந்தது. அத்தகைய கண்ணாடிக் கோபுரங்களுக்கு எதிரே தன் பழைமையை விற்பதே கோல்ஃபேஸின் வழியாயிற்று. 150 ஆண்டு நிறைவையொட்டிப் பழைய பகுதி புதுப்பிக்கப்பட்டது.

வடக்கில் யாழ்ப்பாண வாடிவீடு போரில் அழிந்தது. 2009 இன் பின் நகரத்தில் தனியார் ஹோட்டல்கள் எழுந்தன. புலம்பெயர்ந்தோர் விடுமுறைக்கு வருவதும் தெற்கிலிருந்து நயினாதீவு யாத்திரை வருவதும் அவற்றின் பிழைப்பு. ஆனால் கடல் தெரியும் அறைகளைத் தீபகற்பத்தில் முதலில் விற்றவர்களுள் படையினர் இருந்தனர். காங்கேசன்துறையில், 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்த உயர்பாதுகாப்பு வலயத்துக்குள், இராணுவம் தல்செவன என்ற விடுமுறை விடுதியை நடத்தியது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட கடலில் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டையான கடற்கோட்டையைக் கடற்படை விடுதியாக்கியது. வலயத்துள் பல காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்ட பின்னரும், தமது வளவுக்குத் திரும்ப முடியாத காணிக்காரர் வலிகாமம் வடக்கில் இருந்தனர். குடியேற்ற ஆட்சியில் வணிகக் காரணமே இல்லாததால் எழாத கடற்கரைச் சொகுசு விடுதி, அரசின் நிலப்பிடிப்பின் வழியாகவே இங்கே முதன்முறை காலூன்றியது.